வேறு நாட்டு வகுப்போடு உங்கள் வகுப்பை இணைப்பது எப்படி?

இரண்டு நாட்டுக் குழந்தைகளை ஒரு வீடியோ காலில் உட்காரவைத்துவிட்டால் மட்டும் பண்பாட்டுப் பரிமாற்றம் நடந்துவிடாது. முன்தயாரிப்பு இல்லாத அழைப்பில், வணக்கம் சொன்ன கையோடு இரண்டு பக்கமும் வாயடைத்துப் போகும். பேச விஷயம் இருந்தால்தான் குழந்தைகள் பேசுவார்கள். அதை உருவாக்க மூன்று வாரமாவது வேண்டும். நேரடி அழைப்பை நான்காவது வாரத்துக்குத் தள்ளுங்கள்.

கூட்டாளி வகுப்பைத் தேட, 1988 முதல் இயங்கும் ஐஎர்ன், ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய ஈட்வின்னிங் போன்ற ஆசிரியர் வலைப்பின்னல்கள் இருக்கின்றன. ஆள் கிடைத்ததும் ஆசிரியர்கள் இருவரும் மட்டும் அரை மணி நேரம் பேசுங்கள். குழந்தைகளின் வயது, பொது மொழி, விடுமுறைகள், எந்தக் கிழமை யார் எதை அனுப்புவது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையைக் கேட்காமல் விடுவதால்தான் பல திட்டங்கள் பாதியில் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு டிசம்பரில் முடிகிறது. அக்டோபரில் தொடங்கினால் அங்கே அது கடைசிப் பருவம்.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC) குறியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். பள்ளி நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லையென்றால் நேரலையை விட்டுவிட்டு, இரண்டு நிமிடப் பதிவுகளை மாறி மாறி அனுப்புங்கள்.

முதல் வாரம் அறிமுகம். இரண்டாம் வாரம் இரு வகுப்பும் ஒரே கேள்விக்கு விடை தரட்டும்: பள்ளிக்கு எப்படி வருகிறாய், வழியில் என்ன பார்ப்பாய்? ஒவ்வொருவரும் வரைபடம் வரையட்டும். மூன்றாம் வாரம், எதிர்ப்பக்க வரைபடத்தைப் பார்த்து ஆளுக்கொரு கேள்வி எழுதட்டும். விழா, உடை, உணவு என்று தொடங்காதீர்கள். அந்த நாட்டில் எல்லோரும் எப்போதும் அப்படித்தான் என்று குழந்தைகள் முடிவுகட்டிவிடுவார்கள்; உடைத்தெறிய நினைத்த எண்ணமே வேரூன்றிவிடும். கேள்வியின் சொற்களையும் திருத்திக் கொடுங்கள். "உங்கள் நாட்டில் எல்லோரும்..." என்று கேட்டால் பத்து வயதுக் குழந்தை ஒரு நாட்டுக்கே பதில் சொல்லவேண்டியிருக்கும். "உன் வீட்டில்..." என்று கேட்டால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும்.

அழைப்புக்கு 25 நிமிடம் போதும். ஜூமின் இலவசக் கணக்கும் 40 நிமிடத்தில் நின்றுவிடும். ஆறு ஜோடிகள், ஜோடிக்கு மூன்று நிமிடம். மற்றவர்கள் கேட்ட பதில்களைத் தாளில் குறிக்கட்டும். கையில் வேலை இல்லாவிட்டால் சலசலப்பு தொடங்கிவிடும். பேசுபவரை மைக்குக்கு அரை மீட்டர் அருகில் உட்காரவையுங்கள். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருண்டு தெரியும். ஒரே அறையில் இரண்டு கருவிகளில் ஒலி ஓடினால், ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்கில் புகுந்து ஊளையிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் அதே அறையில், அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் அனுப்ப, கேள்விகளை முன்பே பதிவுசெய்து வைத்திருங்கள்.

பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகக்கூடாது. முழுப்பெயர், சீருடைச் சின்னம், பள்ளிப் பெயர்ப்பலகை எதுவும் தெரியவேண்டாம். பேட்லெட் போன்ற இணையப் பலகையில் படங்களைப் பகிர்ந்தால், ஆசிரியர் ஒப்புதலுக்குப் பிறகே பதிவு தெரியும்படி அமைத்துவிடுங்கள். அனுமதி கிடைக்காத குழந்தையை ஒதுக்கிவைக்காதீர்கள்; அதன் வரைபடமும் கேள்வியும் பெயரில்லாமல் போகலாம்.

எதிர்ப்பக்கப் பதிலுக்கு முகம் சுளிப்பு, சிரிப்பு வரத்தான் செய்யும். அங்கேயே அதட்டாமல், மறுநாள் வகுப்பில் கேளுங்கள்: நம் வரைபடத்தில் எது அவர்களுக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும்? இந்த உரையாடலுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். அழைப்பைவிட இது முக்கியம்.

எதிர்ப்பக்கம் இரண்டு வாரம் மௌனமானால் சின்னதாக ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் குழந்தைகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் குழந்தை, தன் வரைபடம் பிடிக்கவில்லை போலும் என்றே நினைத்துக்கொள்ளும்.

தொடக்கத்தில், அந்த நாட்டைப் பற்றி நினைப்பதை ஒவ்வொருவரும் எழுதிய தாளைச் சேர்த்து வைத்திருங்கள். முடிவில் திருப்பிக் கொடுத்தால், எதை அடிக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று அவர்களே பார்ப்பார்கள். அந்தத் தாள்களை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பவேண்டாம்.