விரிசல் விடாத மக்காச்சோள ரொட்டி: என் அனுபவம்

தக்கலையில் உள்ள எங்கள் வீட்டில் மெக்சிகோ நாட்டு டார்ட்டியா ரொட்டி செய்ய வேண்டும் என்ற ஆசையில் முதலில் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கார்ன் ஃப்ளவரைப் பிசைந்தேன். அது முழுவதும் ஸ்டார்ச் என்பதால் மாவாகவே திரளவில்லை. அடுத்து மஞ்சள் மக்காச்சோள மாவை வெந்நீரில் பிசைந்தபோது, தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்து, தோசைக்கல்லில் போட்டதும் உதிர்ந்துவிட்டது.

மெக்சிகோவில் பயன்படுத்தும் மாசா ஹரினா, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்து உலர்த்திய மாவு என்று பிறகுதான் அறிந்தேன். சுண்ணாம்பு மக்காச்சோளத்தின் தோலைக் கரைத்து மாவுக்கு ஒட்டும் தன்மை தருகிறது. சாதாரண மாவில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் (வைட்டமின் பி3) சத்தும் அதனால் உடலுக்குக் கிடைக்கிறது.

ஆகவே அரைக் கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துடன் உணவுக்கு உகந்த 5 கிராம் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் (அலுமினியம் சுண்ணாம்பில் அரிக்கும்) முக்கால் மணி நேரம் வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டேன். காலையில் தோல் வழுவழுவென்று விரலோடு வந்தது. நாலைந்து தண்ணீரில் அலசி, கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தேன். சற்று இளகியதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டதும் சரியானது. உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டால் அழுத்தினேன். ஓரம் வெடிக்கவில்லை, கல்லில் உப்பியும் வந்தது. நெத்திலிக் கறியோடு மடித்துச் சாப்பிட்டோம்.