‘வடிவா ஏறுது’ என்றால் போதாது: சுழியோடும் கருவிகளில் மாற்றுச் சாமான்

வாடைக் காற்று அடங்கி முல்லைத்தீவுக் கடல் தெளியத் தொடங்கினால், மாதக்கணக்கில் வாடியின் மூலையில் கிடந்த காற்றுச் சிலிண்டர்களும், அவற்றின் அமுக்கத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர்களும் வெளியே வரும். கடலட்டைக்குப் போகிறவர்கள், சங்குக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அவசரம். ஒரிஜினல் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே கையில் கிடைப்பதைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். முன்னொரு காலத்தில் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. கல்லும் கயிறும் சொந்த மூச்சும்தான் அவர்களுடைய கருவி.

போன வருசம் ஒரு தம்பி சிலிண்டரோடு வந்தான். பழைய வால்வு கசிகிறது என்று, வேறொரு சிலிண்டரில் இருந்து கழற்றிய வால்வைப் பூட்டியிருந்தான். “அண்ணை, வடிவா ஏறுது. கொஞ்சம் ஆடுது, ரேப் நாடா சுத்தினால் சரிவரும்” என்றான். அந்த ‘கொஞ்சம் ஆடுது’ எனக்குப் பிடிக்கவில்லை. சிலிண்டர் தோளில் அடித்திருந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலப் புரி. வால்வோ எம்25×2, அதாவது 25 மில்லிமீற்றர் புரி. முக்கால் அங்குலம் என்று பெயர் இருந்தாலும் அந்தப் புரியின் வெளி விட்டம் ஏறக்குறைய 26 மில்லிமீற்றர். சிறிய வால்வு பெரிய கழுத்துக்குள் சில சுற்று ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். காற்று நிரப்பும்போதுதான் விசயம் தெரியும். 200 பார் அமுக்கத்தில் அந்தக் கழுத்தளவு வட்டத்தைக் கீழிருந்து தள்ளும் விசை கிட்டத்தட்ட ஒரு தொன். புரி விட்டுப்போனால் வால்வு துவக்குக் குண்டு மாதிரிப் புறப்படும். வெளிநாடுகளில் இதே கலப்பால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ரேப் நாடா இதற்கு மருந்தே இல்லை. இந்தப் புரிகளில் காற்றை அடைப்பது ஓ-ரிங் என்ற றப்பர் வளையம். விசையைத் தாங்குவது புரி மட்டும்தான். ஆகவே வால்வு மாற்றுவதற்கு முன் இரண்டிலும் அடித்திருக்கும் எழுத்தை வாசியுங்கள். எழுத்து அழிந்திருந்தால் பூட்டவே வேண்டாம்.

அடுத்தது சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கொம்பிரசர். இதில்தான் எங்களுடைய ஆட்கள் அதிகம் விளையாடுகிறார்கள். மோட்டர் எரிந்துவிட்டால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கொண்டுவந்து பெல்ற் போட்டுவிடுவது நான் கண்ட வேலை. ஓடும், அதில் பிழை இல்லை. ஆனால் அந்த எஞ்சினின் புகைக்குழாயும் கொம்பிரசர் காற்றை இழுக்கும் வாயும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். சுவாசிக்கும் காற்றுக்கான ஐரோப்பிய நியமம் பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது. மேலே 1 பாராக இருக்கும் அமுக்கம் இருபது மீற்றர் ஆழத்தில் மொத்தம் 3 பார் என்பதால், மேலே 10 பங்கு இருந்த காற்று கீழே 30 பங்கு போல வேலை செய்யும். ஆழத்தில் ஒட்சிசனின் அமுக்கமும் கூட இருப்பதால் ஆள் சமாளிப்பார். மேலே வரும்போது ஒட்சிசன் குறையும், விசம் இரத்தத்திலேயே நிற்கும். படகுக்குக் கிட்ட வந்து மயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வெறும் களைப்பு என்று சொல்லிப் படுக்கவைத்துவிடுகிறார்கள்.

பெல்ற் ஓடும் புல்லியின் அளவு மாறினாலும் இதே கதைதான். கொம்பிரசர் அதற்குச் சொன்ன வேகத்தைவிட வேகமாகச் சுற்றிச் சூடேறும், ஒயில் கருகும், புகைக்குழாய் பக்கத்தில் இல்லாமலே காபனோரொட்சைட்டு உள்ளே உண்டாகும். அதற்குள் மோட்டர்சைக்கிள் ஒயிலையும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். சுவாசக் காற்றுக் கொம்பிரசருக்கென்று வரும் ஒயிலைத்தான் ஊற்றவேண்டும்.

கொம்பிரசர் வடிகட்டிக்குப் பதில் பஞ்சும் அடுப்புக்கரியும் அடைத்த ஒரு குழாயை ஒருவர் பெருமையாகக் காட்டினார். அடுப்புக்கரி வேறு, வடிகட்டிக்குள் வரும், அதற்கென்றே பதப்படுத்திய ஊக்கிய கரி வேறு. எங்களுடைய வெக்கையும் ஈரமும் இதில் இன்னொரு எதிரி. 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று அதிகம் போனால் 17 கிராம் நீராவி வைத்திருக்கும். 30 பாகையில் அது 30 கிராம். குளிர்நாட்டுக் கணக்கில் எழுதிய மணித்தியாலத்துக்கு வடிகட்டி இங்கே நிற்காது. காபனோரொட்சைட்டை மாற்றும் மருந்து உள்ள வடிகட்டியும் ஈரம் பட்டால் செத்துப்போகும். நிரப்பிய சிலிண்டரை மெல்லத் திறந்து வெள்ளைத் துணியில் அடித்து, கறையும் மணமும் பார்ப்பது நல்ல பழக்கம். ஒயிலை அது காட்டிக்கொடுக்கும். காபனோரொட்சைட்டை அல்ல.

ரெகுலேட்டரைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. சிலிண்டரில் பூட்டும் முதற்கட்டத்தில் உயர் அமுக்கத் துளையும் தாழ் அமுக்கத் துளையும் வேறு வேறு அளவு. மாறிப் பூட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அதை மீற லேத்தில் ஒரு இணைப்பு கடைந்துகொண்டு வந்தவருக்கு, 10 பாருக்குச் செய்த குழாயில் 200 பார் ஏறினால் என்ன நடக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம், சுழியோடும் சிலிண்டரை ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்று சொல்லும் பேச்சு. உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. பெயரை நம்பி இரும்பு ஒட்டும் வேலைக்கார ஒட்சிசனை நிரப்பினால் 6 மீற்றருக்குக் கீழே எந்த நேரமும் வலிப்பு வரலாம். காற்றுக்குப் பூட்டிய வால்வில் உள்ள கிறீசும் ஒயிலும் தூய ஒட்சிசன் அமுக்கத்தோடு பட்டால் தானாகத் தீப்பற்றலாம்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பழைய ரீபிரீதர் ஒன்று கொண்டுவந்தார். விட்ட மூச்சையே சுத்தமாக்கித் திருப்பித் தரும் கருவி, குமிழி அநேகமாக வராது. ஒட்சிசனை அளக்கும் சென்சர் காலாவதி என்றதும், ஆஸ்பத்திரிக் கருவியில் வரும் சென்சரைக் காட்டி, “புரி ஒண்டுதானே மச்சான்?” என்றார். புரி ஒன்றுதான். ஆனால் அது ஈரமும் சூடும் நிறைந்த மூச்சுக்குள் இருந்து கணக்குச் சொல்லச் செய்தது அல்ல. சென்சர் பொய் சொன்னால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு முட்டுவது காபனீரொட்சைட்டால். அதைத்தான் கருவி உறிஞ்சிவிடுகிறதே! ஒட்சிசன் 0.16 பாருக்குக் கீழே இறங்க இறங்க எச்சரிக்கை இல்லாமலே நினைவு போகலாம். குழாய், பை, வால்வு என்று எதை மாற்றினாலும் மூச்சிழுக்கும் கஷ்டம் மாறும். அதனால்தான் ஐரோப்பாவில் ரீபிரீதரை முழுக் கருவியாகச் சோதிக்கிறார்கள்.

அவருடைய அடுத்த கேள்வியை இன்னும் நினைத்துச் சிரிப்பேன். காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பொருள் சோடாச் சுண்ணாம்பு என்றதும், “வெத்திலைக் கடையிலை வாங்கலாமே?” என்றார். சோடாச் சுண்ணாம்பு குறுணியாக இருக்கும், மூச்சு அந்தக் குறுணிகளுக்கு இடையால் போகும். வெற்றிலைச் சுண்ணாம்பு களி. அந்தக் குறுணியையே சரியாகத் தட்டி அடைக்காவிட்டால் மூச்சு ஓர் ஓரமாக வழிபிடித்துச் சுத்தமாகாமல் திரும்பிவிடும் என்று விளக்கினேன். சுண்ணாம்பை விட்டார். சென்சருக்கு மட்டும் கனடாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். அது வரும்வரை கருவி பெட்டிக்குள்.