இரவிகுளத்தில் வரையாடு பார்க்கச் செல்வோருக்கு

மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் செல்ல நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலத்தைத்தான். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தை முன்னிட்டு, பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படுவதால், திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின்னரே தங்குமிடத்துக்குப் பணம் கட்டுவது நல்லது.

உடுமலைப்பேட்டையிலிருந்து வருவோர் சின்னாறு, மறையூர் வழியாகவும், தேனிப் பக்கத்திலிருந்து வருவோர் போடிமெட்டு வழியாகவும் மூணாறை அடையலாம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்வதால் வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்கு ஏற வேண்டும்.

பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பதால் காலையில் முதல் பேருந்தையே பிடியுங்கள். வரையாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பல நாட்களில் அது சாலையோரப் பாறைச் சரிவிலேயே புல் மேய்ந்துகொண்டிருக்கும். முதிர்ந்த கிடாவை அதன் கரும்பழுப்பு உடலின் மேல், சேணம் போட்டதுபோல் வெளிறித் தெரியும் முதுகைக் கொண்டு அடையாளம் காணலாம். அது எவ்வளவு அருகில் வந்தாலும் தின்பண்டம் நீட்டக் கூடாது. புல்வெளிகளில் நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையையும் தேடிப் பாருங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். இங்கே 2018இல் பூத்ததால், அதற்காகவே வர விரும்புவோர் 2030 வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை உண்டு.