பிரசாத மாதிரி: ஆய்வக முடிவுகள் முரண்பட்டால் என்ன செய்வது?

கும்பகோணம், மாயவரம் பக்கத்துக் கோயில்களில் பிரசாத ஆய்வு பற்றி எழும் சச்சரவு, என் பார்வையில், ஆய்வகத்தில் அல்ல, மடைப்பள்ளி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. சர்க்கரைப் பொங்கல் அண்டாவில் நெய் மேலே மிதக்கும், வெல்லப்பாகு அடியில் தங்கும்; மேலாக ஒரு கரண்டி அள்ளினால் ஒரு முடிவும், அடியிலிருந்து எடுத்தால் வேறொன்றும் வரக்கூடும். ஆகவே, நீங்கள் கோயில் நிர்வாகத்தில் இருந்தால், அடிவரை கிண்டிய பிறகே மாதிரி எடுக்கும்படி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள். ஐயம் நெய்யின் மீதென்றால், பொங்கலை விட்டுவிட்டு நெய் டின்னிலிருந்தே எடுப்பது நல்லது; டின்னின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 47ஆம் பிரிவின்படி, அலுவலர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை நான்கு பாகங்களாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கும் (தஞ்சாவூரிலேயே அரசு ஆய்வகம் உள்ளது), இரண்டு பாகங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளரான நியமன அலுவலருக்கும் செல்லும். நான்காவதை, நிர்வாகம் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதை அங்கேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்க இயலாதெனில், நகல் கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரு ஆய்வக அறிக்கைகளும் முரண்பட்டால், நியமன அலுவலரிடம் உள்ள ஒரு பாகம் மேல்நிலை ஆய்வகத்துக்குச் செல்லும். அதன் முடிவே இறுதியானது.