திருச்செந்தூர் – மணப்பாடு கடற்கரையில் ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 13 கி.மீ. போனால் குலசேகரன்பட்டினம், எங்கள் வாயில் குலசை. இன்னும் ஐந்தாறு கிலோமீட்டரில் மணப்பாடு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பனங்காடு, அதற்கும் உள்ளே செம்மண் குன்றுகளாகத் தேரி. வருடக்கணக்காக இந்தப் பக்கம் ஓடுகிறேன். விடுமுறைக்கு வந்து ஓடுபவர்களையும் நிறையப் பார்க்கிறேன். நல்ல ஓட்டக்காரர்கள்தான். ஆனால் ஊர்ப் பூங்காவில் போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். பத்து கிலோமீட்டர் எங்கே ஓடினாலும் பத்து கிலோமீட்டர்தானே என்ற கணக்கு அது. இந்தக் கரையில் தூரத்தைக் காற்றும் மணலும்தான் தீர்மானிக்கின்றன.

முதல் தவறு, காற்று முதுகில் தள்ள ஓட்டத்தைத் தொடங்குவது. வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரை இங்கே கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நம் கரையோ வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து கிடக்கிறது. மணப்பாட்டில் தங்கியிருப்பவர் காலையில் திருச்செந்தூர்ப் பக்கமாக ஓடத் தொடங்கினால், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல இருக்கும். வாட்ச்சைப் பார்த்து மகிழ்ந்து, நினைத்ததைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போய்விடுவார். திரும்பும்போதுதான் கஷ்டம் தெரியும். தேரி மணல் முகத்தில் அறையும், வெயில் ஏறியிருக்கும், கால் சோர்ந்திருக்கும். அந்த மாதங்களில் தெற்கு நோக்கி, காற்றை எதிர்த்துத் தொடங்கி, காற்றோடு திரும்புங்கள். திரும்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றும் நீங்களும் ஒரே திசையில் போவதால் உடம்பில் காற்றுப் படுவதே தெரியாது, வியர்வை காயாது, சூடு ஏறும். கடைசி மூன்று கிலோமீட்டரில் வேகத்தைக் கூட்ட ஆசை வரும். அங்கேதான் குறைக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று. அப்போது கணக்கு தலைகீழ்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே வந்து காலைக் கெடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மணலில்தான் கெடுத்துக்கொண்டார்கள். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். குதிகால் ஒவ்வொரு முறையும் புதைந்து எழுவதால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் கூடுதலாக இழுபடும். ரோட்டில் பத்து கிலோமீட்டர் பழகியவர் முதல் நாள் மணலில் இரண்டு கிலோமீட்டரோடு நிறுத்துவது நல்லது. அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்த தரை. தெற்கே ஓடும்போது கடல் இடப்பக்கம் இருப்பதால் இடதுகால் எப்போதும் தாழ்வில் விழும். போன வழியிலேயே திரும்பினால் இரண்டு காலுக்கும் அந்தச் சுமை சமமாகிவிடும். ஒரே திசையில் ஓடிவிட்டு பஸ் ஏறித் திரும்புகிறவர்களுக்குத்தான் மறுநாள் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. எனக்கும் வலித்திருக்கிறது, மூன்று வாரம் ஓட முடியவில்லை.

வெறுங்காலோடு ஓடுவது இங்கே வேண்டாம். சிப்பி, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் மணலுக்குள் கிடக்கும். கரையைவிட்டு உள்ளே வந்தால் உடைமர முள்ளும் நெருஞ்சியும். பனங்காட்டுக்குள் நுழைந்தால் கருக்குமட்டை காலைக் கிழித்துவிடும்.

அடுத்தது கடல். இந்தப் பக்கம் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஓதம் ஏறி வழி மறித்துவிடும் என்ற பயம் அதிகம் தேவையில்லை. ஆனால் கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். நம் கரையில் அப்போது காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சித்திரை, வைகாசியில் அதிகம் வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் படித்த ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கடலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வள்ளத்தை இறக்க மாட்டார்கள். ஓடுபவரும் முந்தின இரவு அதைப் பார்த்துவிட வேண்டும். எச்சரிக்கை இருந்தால் ஈரமணல் பக்கமே போகாமல் ரோட்டில் ஓடுங்கள்.

குலசையிலிருந்து மணப்பாடு வரை கரையோரமாகவே ஓடிவிடலாம் என்று போன் வரைபடத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. மணப்பாட்டை ஒட்டிக் கருமேனியாற்றின் கழிமுகம் இருக்கிறது. கோடையில் மணல் மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மழைக்காலத்தில் அதே வழியில் வரக்கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பிறகு கரை பழைய கரையாக இருக்காது, மேலே மணல் மூடியிருந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். ஆள் நடந்த தடம் இல்லாத இடத்தில் காலை வைக்காதீர்கள். மணப்பாட்டுக்குத் தெற்கே அமராபுரம், கூடல்நகர்ப் பக்கம் ராக்கெட் ஏவுதள வேலை நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய ஒற்றையடிப் பாதைகள் இன்னும் வரைபடத்தில் தெரியலாம். அவற்றை நம்பி அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது.

தேரிக்குள் தனியாக ஓடுவதும் தவறுதான். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடு அதிகாலையில் பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே பத்து நிமிடம் ஓடினால் எல்லாப் பனையும் ஒரே பனையாகத் தெரியும். எட்டு மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் வரை தார் ரோட்டில் ஓடுங்கள், அங்கிருந்து பார்வைக்கு எட்டுகிற தூரம் மட்டும் தேரியில் ஏறி இறங்குங்கள்.

நேரம்: மே மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழும், ஜனவரியில் ஆறரை தாண்டிவிடும். விடிவதற்கு அரைமணி முன்பு தொடங்கி, ஏழரைக்குள் முடிப்பது நல்லது. விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். காற்றில் ஈரம் மிக அதிகமாக இருக்கிற நேரமும் அதுதான். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. தண்ணீர் கையோடு இருக்கட்டும், ஊர்களுக்கு நடுவே அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீராகாரம் எனக்கு ஒத்துக்கொள்கிறது. உடன்குடிப் பக்கம் பதனீர் கிடைக்கும் மாதங்களில் பாதி வழியில் வயிறு நிறையக் குடித்துவிட்டு மறுபடி ஓடப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது நல்ல இனிப்பு, வயிற்றில் கனமாக நிற்கும். ஓடி முடித்துப் பனைநிழலில் உட்கார்ந்து, பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலப்பக்கம் ஓடுங்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படும். தைப்பூசம், கந்த சஷ்டி சமயத்தில் பாதயாத்திரைக் கூட்டம் இரவெல்லாம் நடந்து வரும். குலசை தசராவுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் திரள்வார்கள். செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. அந்த நாள்களில் ஓட்டத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்கள் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. மீன்கழிவு கிடக்கும் தெருக்களில் அவை கூட்டமாக இருக்கும். குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகைக் காட்டி வேகம் எடுக்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

எனக்கு மனம் வருந்துகிற தவறு ஒன்று இருக்கிறது. விடிகாலையில் மணப்பாட்டுக் கரை காலியாக இருக்காது. வள்ளங்கள் வந்து சேரும், மீன் ஏலம் நடக்கும், பெண்கள் கருவாடு காயப்போடுவார்கள், வலை விரித்துக் கிடக்கும். விரித்த வலைமேல் ஷூ காலோடு ஓடினால் கண்ணி அறுந்துவிடும், அதைச் சரிசெய்ய ஒருவருக்கு அரைநாள் போகும். கரைமடி வலை இழுக்கிறவர்களின் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடிய ஒருவரை நான் பார்த்தேன். இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்று, "அண்ணாச்சி, அந்தப் பக்கம் போகட்டுமா?" என்று கேட்டால் போதும், கையைக் காட்டி வழி சொல்வார்கள். கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். 1542-இல் சவேரியார் வந்து தங்கிய குகையும் 1581-இலிருந்து சொல்லப்படும் திருச்சிலுவைக் கோவிலும் மணப்பாட்டின் கடலோர மணற்குன்றில்தான் இருக்கின்றன. மேலே ஏறும்போது ஓட்டத்தை நிறுத்தி நடந்து போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையின் பல ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள். வள்ளங்கள் ஏறிக் கிடக்கும், காலைப் பூசைக்கு மணி அடிக்கும். முதல்முறை வருபவர்கள் அன்றைக்கு வாருங்கள். குன்றின் அடிவாரத்தில் தொடங்கி, காற்றை எதிர்த்து ஒரு கிலோமீட்டர், திரும்பி ஒரு கிலோமீட்டர். முதல் நாளுக்கு அவ்வளவு தூரம் போதும்.