ரா (RAW) கோப்பில் எடுத்தாலும் வொயிட் பேலன்ஸ் சொதப்புவது ஏன்?

"ராவில்தானே எடுக்கிறோம், வொயிட் பேலன்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்." நானும் பல வருடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி சரி. ரா கோப்பு என்பது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது. வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, அதில் வெறும் குறிப்புதான். எத்தனை முறை மாற்றினாலும் சேதமில்லை. ஆனால் எதை நோக்கி மாற்றுவது? மஞ்சள் பல்பின் கீழே பத்து நிமிடம் இருந்தாலே வெள்ளைச் சட்டை வெள்ளையாகத்தான் தெரியும், கண் பழகிவிடும். மறுநாள் கணினி முன் உட்கார்ந்து, அந்தச் சட்டை நிஜத்தில் தூய வெள்ளையா, சந்தன நிறமா என்று யோசித்தால் ஞாபகம் வராது.

அதற்குத்தான் கிரே கார்டு, எந்த நிறச்சாயலும் இல்லாத சாம்பல் அட்டை. வெளிச்சம் மாறும்போதெல்லாம் அதை வைத்து ஒரு படம் போதும். கார்டை உங்கள் பக்கத்தில் பிடிக்காதீர்கள். ஆள் நிற்கும் இடத்தில், அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கார்டு இல்லையென்று வெள்ளைத் தாளை வைப்பவர்கள் உண்டு. தாளில் பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ரசாயனம் பகல் வெளிச்சத்தில் நீலம் காட்டும். அதன்மேல் எடிட்டிங் மென்பொருளின் ஐ-டிராப்பரை (இதுதான் நடுநிலை நிறம் என்று தொட்டுக் காட்டும் கருவி) வைத்தால் படம் முழுக்க லேசாக மஞ்சள் ஏறிவிடும்.

ஜேபெக்கில், அதாவது கேமராவே நிறத்தை முடிவு செய்து சேமிக்கும் கோப்பில், எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு) மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கேமராவைப் பகல் செட்டிங்கிலேயே (சுமார் 5500) மறந்து விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். கன்னத்தில் சிவப்பு சானல் (படத்தில் சிவப்பின் அளவு) அதன் உச்சமான 255-இல் போய் முட்டி நிற்கும். அங்கே இருந்த நுணுக்கம் கோப்பிலேயே இல்லை. பிறகு நீலத்தை ஏற்றினால் தோல் சாம்பல் பூசிய மாதிரி ஆகும்.

கெல்வின் எண்ணிலும் ஒரு குழப்பம். குறைந்த கெல்வின் என்றால் மஞ்சள் வெளிச்சம். ஆனால் கேமராவில் எண்ணைக் கூட்டினால்தான் படம் மஞ்சளாகும். நீங்கள் சொல்வது வெளிச்சத்தின் நிறம், கேமரா செய்வது அதற்கான ஈடு.

கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் மோசமில்லை. ஆனால் சூரிய அஸ்தமனத்தின் செம்மையைக் கோளாறு என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். ஒரே இடத்தில் எடுத்த இருபது படங்களிலும் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். தொடராக எடுக்கும்போது ஒரு கெல்வின் எண்ணில் நிறுத்திவிடுங்கள். தவறான எண்ணாக இருந்தாலும் ராவில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்தலாம்.

ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்து விழும் முகத்துக்கு மட்டும் எந்த ஒற்றை எண்ணும் உதவாது. ஒரு கன்னம் சரியானால் மறு கன்னம் கெடும். பல்பை அணைத்துவிட்டு எடுங்கள்.