சிக்ரி பயிற்சியோடு ஓடந்துறைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரிக்கு பேட்டரிப் பயிற்சிக்கு வருகிறவர்கள், வந்தது வந்தோம், ஓடந்துறைக் காற்றாலையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புவதுண்டு. ஓர் ஊராட்சியே கடன் வாங்கி 2006-இல் நிறுவிய 350 கிலோவாட் காற்றாலை அது. அவசியம் பார்க்க வேண்டியது.

முதல் தவறு, எந்த ஊருக்குப் போவது என்பதிலேயே நடக்கிறது. ஓடந்துறை ஊராட்சி மேட்டுப்பாளையம் பக்கம். காற்றாலை நிற்பதோ உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில். திண்டுக்கல், பழனி வழியாகப் போனால் உடுமலை முதலில் வரும், சுமார் 200 கி.மீ. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடக்கினால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். ஊராட்சி அலுவலகமும் பூட்டியிருக்கும். வெள்ளியன்று பயிற்சி முடிந்தால் சனி மைவாடி, திங்கள் ஓடந்துறை என்று வையுங்கள். ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

செட்டிநாட்டு வெயில் ஆண்டு முழுக்க அடிப்பதுபோல் காற்றும் வீசும் என்று நினைக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீறுடன் வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் போனால் இறக்கை பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும்.

பேட்டரிப் பாடம் படித்த கையோடு போகிறவர்கள் அங்கும் பேட்டரியைத் தேடுவார்கள். கிடையாது. உற்பத்தியாகும் மின்சாரம் நேரே மின்வாரியக் கம்பியில் ஏறுகிறது. ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் செலவு கணக்கில்தான் சரிக்கட்டப்படுகிறது. அதனால் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட மாதாந்திர மீட்டர் ரீடிங்கும் கடன் தவணைப் பதிவேடும் அதிகம் கற்றுத் தரும். அவற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்குப் போடும்போது 350-ஐ ஆண்டின் 8,760 மணியால் பெருக்கி 30 லட்சம் யூனிட் என்று எழுதிவிடாதீர்கள். அது ஒரு நொடிகூட ஓயாமல் முழுவேகக் காற்று அடித்தால் மட்டுமே கிடைக்கும். இந்த வகைக் காற்றாலையில் ஐந்தில் ஒரு பங்கு, சற்று மேலே, அதாவது ஆறேழு லட்சம் யூனிட் என்பதே நடைமுறை. தங்கள் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் தவணையை இந்தக் கணக்கில்தான் நிர்ணயிக்க வேண்டும்; இல்லாவிட்டால் காற்றில்லாத மாதங்களில் கடன் கழுத்தைப் பிடிக்கும்.

அலுவலக விஷயம்: பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து பெரும்பாலும் உங்கள் சொந்த விடுப்பு, சொந்தச் செலவு. விடுப்புக்கும் மாற்றுவழியில் திரும்புவதற்கும் கிளம்பும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்காமல் உடுமலை டிக்கெட்டைப் பயணப்படி பில்லில் சேர்த்தால் மொத்த பில்லும் தணிக்கையில் நிற்கும்.